புள்ளலூர் 1780: மன்றோ ஒவ்வொரு முறையும் காஞ்சியை விட்டுக் கிளம்பிவிடுகிறார். என்ன செய்யலாம்?

பாலாற்றுக்காரன்:

வணக்கம் நண்பர்களே. ஒன்றரை வருடமாக மொட்டைமாடி அறையில் ஒரு வார்கேம் (பழைய போரை மேசைமேல் ஆடிப் பார்க்கும் விளையாட்டு) செய்துகொண்டிருக்கிறேன். அறுகோணக் கட்டம் போட்ட வரைபடம், அட்டைக் காய்கள், இரண்டு பகடை. 1780 செப்டம்பர் 10 அன்று ஆங்கிலேயருக்கும் மைசூரின் ஹைதர் அலிக்கும் நடந்த புள்ளலூர்ப் போர்தான் கரு. ஆங்கிலேயர் எழுத்தில் பொள்ளிலூர். காஞ்சிபுரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர்.

எட்டாவது படிக்கும்போது பள்ளிச் சுற்றுலாவில் ஸ்ரீரங்கப்பட்டணம் போனோம். தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தப் போரைப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் சதுரம் கட்டி நிற்பார்கள், உள்ளே ஆங்கிலேயப் படைத்தலைவர் கர்னல் பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருப்பார், வெடிமருந்து வண்டி வெடித்துக்கொண்டிருக்கும். "இது நம்ம ஊருக்குப் பக்கத்துல நடந்ததுடா" என்று வாத்தியார் சொன்னார். அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. பெய்லி குண்டூரிலிருந்து சுமார் 2,800 பேரோடு தெற்கே வருகிறார். ஹெக்டர் மன்றோ (சென்னையில் குதிரைமேல் இருக்கும் தாமஸ் மன்றோ இவர் இல்லை, இவர் 1764-இல் பக்சரில் ஜெயித்தவர்) சுமார் 5,000 பேரோடு காஞ்சியில் காத்திருக்கிறார். இருவரும் சேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார் ஹைதர் அலி. செப்டம்பர் 6 அன்று பெரம்பாக்கத்தில் திப்பு தாக்க, பெய்லி சமாளித்துவிடுகிறார். ஆனால் அதற்குமேல் நகர முடியவில்லை, உதவி கேட்டு எழுதுகிறார். மன்றோ தானே போகாமல் 8-ஆம் தேதி இரவு கர்னல் ஃப்ளெட்சரை ஆயிரம் பேரோடு அனுப்புகிறார். 9-ஆம் தேதி இரவு எல்லாரும் கிளம்பி, பாதி வழியில் நிற்கிறார்கள். விடிந்தால் ஹைதரின் முழுப்படையும் சுற்றி நிற்கிறது. வெடிமருந்து வண்டிகள் வெடித்ததும் சதுரம் உடைகிறது. மன்றோ கிளம்பி வரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. காஞ்சிக்குத் திரும்பி, கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்குகிறார்.

என் விளையாட்டில் ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர். நாளொன்றுக்கு நாலு சுற்று: காலை, பகல், மாலை, இரவு. 6-ஆம் தேதி காலை தொடங்கி 10-ஆம் தேதி பகல்வரை 18 சுற்று. மச்சானோடும் கல்லூரி நண்பன் ஒருவனோடும் இதுவரை 11 முறை ஆடிவிட்டோம். அதில் 9 முறை மன்றோ இரண்டாம் சுற்றிலேயே கிளம்பி, 7-ஆம் தேதிக்குள் பெய்லியோடு சேர்ந்துவிட்டார். போரே நடக்கவில்லை!

இரண்டு வழி பார்த்தேன். முதலில் 14-ஆம் விதி என்று ஒன்று எழுதினேன்: "8-ஆம் தேதி இரவுவரை மன்றோ காஞ்சியை விட்டு நகரக்கூடாது." மச்சான் காயைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப பத்து சுற்று நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?" என்று கேட்டார். நியாயம்தான். அடுத்து, பகடையில் 6 விழுந்தால்தான் கிளம்பலாம் என்று மாற்றினேன். அதுவும் சரிப்படவில்லை. மன்றோ சோம்பேறி என்றோ முட்டாள் என்றோ பகடை சொல்வதுபோல இருந்தது. அவர் ஏன் நின்றார் என்பது ஆடுகிறவருக்குப் புரிய வேண்டும். அதுதான் எனக்கு வேண்டும். இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

அறுகோணப் பெரியவர்:

தம்பி, முதலில் வாழ்த்து. நம் மண்ணில் நடந்த போரை வைத்து நம்மவர் ஒருவர் வரைபடம் போடுகிறார் என்பதைப் படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். நான் 1986-இலிருந்து ஆடுகிறேன். அந்தக் காலத்தில் துறைமுக வேலையிலிருந்த சித்தப்பா ஒரு பெட்டி கொண்டுவந்தார். ஆட ஆளில்லாமல் மூன்று வருடம் இரண்டு பக்கமும் நானே ஆடினேன்.

உங்கள் சிக்கல் மன்றோவிடம் இல்லை. உங்கள் மச்சானுக்கு முடிவு தெரியும், அதுதான் சிக்கல். மன்றோவுக்குத் தெரியாது.

நெப்போலியன் தோற்ற வாட்டர்லூவை வைத்து விளையாட்டு செய்த எல்லாரும் இந்தச் சுவரில் முட்டியிருக்கிறார்கள். 1815 ஜூன் 17 அன்று நெப்போலியன் சுமார் 33,000 பேரைத் தன் தளபதி க்ரூஷியிடம் கொடுத்து, பிரஷ்யர்களைத் துரத்தச் சொல்லி அனுப்புகிறார். 18-ஆம் தேதி க்ரூஷி வாவ்ரில் பிரஷ்யர்களின் பின்படையோடு மோதிக்கொண்டிருக்க, பிரஷ்யத் தளபதி ப்ளூஹரின் மற்ற படைகள் மாலையில் ப்ளான்ஸ்னுவா வழியாக நெப்போலியனின் பக்கவாட்டில் வந்து விழுகின்றன. இதைப் படித்த எவன் பிரெஞ்சுப் பக்கம் உட்கார்ந்தாலும் முதல் வேலையாக க்ரூஷியைக் கூப்பிட்டுக்கொள்வான். அதனால் சில வடிவமைப்பாளர்கள் 18-ஆம் தேதி காலையில் விளையாட்டைத் தொடங்கி, க்ரூஷியை வரைபடத்துக்கு வெளியிலேயே விட்டுவிடுவார்கள். ஆட்டம் ஓடும், ஆனால் கேள்வி செத்துவிடும். வேறு சிலர் 15-ஆம் தேதியிலிருந்தே தொடங்குவார்கள். பிரஷ்யர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்று அப்போது யாருக்கும் தெரியாது. க்ரூஷியை அனுப்புவதா வேண்டாமா என்பது உண்மையான முடிவாகிவிடும். என் ஓட்டு எப்போதும் இரண்டாவதுக்கு.

இந்த வித்தை பழையது. 1824-இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற பீரங்கிப்படை லெஃப்டினன்ட் படைத்தலைவர்களுக்கு ஒரு போர்ப் பயிற்சி விளையாட்டைக் கொடுத்தார். கிரீக்ஸ்ஷ்பீல் என்று பெயர். 1:8000 அளவு வரைபடம், நடுவில் ஒரு நடுவர். ஆடுகிறவர் உத்தரவை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். எதிரியின் படை கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்தால்தான் நடுவர் அதை வரைபடத்தில் வைப்பார். நமக்குப் பெட்டியில் வரும் விளையாட்டுகளில் இரண்டு பக்கத்துக் காய்களும் வெளிச்சத்தில் கிடக்கின்றன. 1950-களில் சார்ல்ஸ் ராபர்ட்ஸ் இந்தப் பொழுதுபோக்கைப் பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தபோது நடுவரை விட்டுவிட வேண்டியிருந்தது. வீட்டில் இரண்டு பேர்தானே உட்காருவார்கள்? நடுவர் போனபோது மறைவும் சேர்ந்து போய்விட்டது.

அதைத் திருப்பிக் கொண்டுவர ஒரு சுலப வழி மரக்கட்டை. 1972-இல் வந்த "குபெக் 1759" என்ற விளையாட்டு இப்படித்தான் செய்தது. சின்ன மரக்கட்டையின் ஒரு முகத்தில் மட்டும் படையின் ஸ்டிக்கர். கட்டையை நிமிர்த்தி, ஸ்டிக்கர் முகம் நம் பக்கம் பார்க்கும்படி வைப்போம். எதிரே இருப்பவருக்கு ஏதோ ஒரு கட்டை நிற்கிறது என்று மட்டும் தெரியும். அது 300 குதிரையா, முழுப் பாளையமா, வெறும் கட்டையா என்பது மோதினால்தான் தெரியும்.

ஆகவே தம்பி, மன்றோவைக் கட்டிப்போடாதீர்கள். ஹைதரை மறையுங்கள்.

இன்னொன்று. மன்றோவின் அரிசியும் கனத்த பீரங்கிகளும் காஞ்சியில் கிடந்தன. அவர் கிளம்பிய பின் ஹைதர் காஞ்சிக்குள் நுழைந்தால் என்ன ஆகும்? உங்கள் விதியில் அதற்குத் தண்டனை உண்டா? இல்லையென்றால் உங்கள் மச்சான் செய்வதுதான் சரியான ஆட்டம்.

வரைபடக்காரி:

நான் நில அளவை, வரைபட வேலையில் இருக்கிறேன், ஹெக்ஸ் (அறுகோண) வரைபடம் என்றாலே கை துறுதுறுக்கும். நீங்கள் இணைத்த வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு விஷயம்.

ஒன்று, கட்டங்களின் போக்கு. அறுகோணத்தில் ஆறு பக்கத்துக் கட்டமும் ஒரே தூரம், சதுரக் கட்டம்போல மூலைவிட்டத் தொல்லை இல்லை. அதற்காகத்தான் எல்லாரும் அதை எடுத்தார்கள். ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. மூன்று திசையில் மட்டும்தான் கட்டங்கள் நேர்வரிசையில் போகும். அவற்றுக்கு இடைப்பட்ட திசையில் போனால் வளைந்து வளைந்துதான் போக வேண்டும், அதே தூரத்துக்குச் சுமார் 15 சதவீதம் கூடுதல் கட்டம் ஆகும். உங்கள் படத்தில் பெரம்பாக்கம்–காஞ்சிப் பாதை சரியாக அந்த வளைசலில் மாட்டியிருக்கிறது. ஹைதரின் குதிரைகள் வரும் மேற்குப் பக்கமோ நேர்வரிசையில் இருக்கிறது. விதி எழுதாமலேயே ஒரு பக்கத்துக்குச் சலுகை கொடுத்துவிட்டீர்கள். கட்ட வலையை 30 பாகை திருப்பிப் பாருங்கள்.

இரண்டு, பெய்லியின் தாமதம் உங்கள் விளையாட்டில் இல்லவே இல்லை. ஆகஸ்ட் 25 அன்றே அவர் கொசஸ்தலை ஆற்றுக்கு வந்துவிட்டார். அன்று கடந்திருக்கலாம். வடகரையில் கூடாரம் அடித்தார், ராத்திரி மழையில் வெள்ளம் வந்தது, செப்டம்பர் முதல் வாரம்வரை அக்கரையிலேயே கிடந்தார். அங்கிருந்து தொடங்கலாமே? பெரியவர் சொல்லும் ஜூன் 15 மாதிரி.

பாலாற்றுக்காரன்:

பெரியவர் ஐயாவுக்கும் சகோதரிக்கும் நன்றி.

ஆற்றங்கரையிலிருந்து தொடங்குவதை நானும் யோசித்தேன் சகோ. ஆனால் வெள்ளம் வரும் என்று தெரிந்த யாரும் அன்றே கடந்துவிடுவார்கள். மறுபடி அதே முடிவு-தெரிந்த சிக்கல். வெள்ளம் வருமா வராதா என்று சீட்டு எடுத்தால் சரியாகும், ஆனால் பாதி ஆட்டத்தில் போரே இருக்காது. 6-ஆம் தேதியிலேயே தொடங்குகிறேன். வலையைத் திருப்புவது உடனே செய்ய வேண்டியது. நேற்று இரவே திருப்பினேன். பாதையில் கட்டங்கள் குறைந்துவிட்டன. இத்தனை மாதம் இது என் கண்ணில் படவில்லை.

ஐயா, மரக்கட்டை யோசனை மனதில் உட்கார்ந்துவிட்டது. ஒரு கேள்வி: இரண்டு பக்கமும் மறைக்கட்டுமா? ஹைதருக்கு ஒற்றர்கள் நிறைய, ஊர்க்காரர்களும் குதிரைப்படையும் செய்தி கொண்டுவந்துகொண்டே இருந்தார்கள். மன்றோவிடம் சொல்லிக்கொள்ளும்படி குதிரைப்படையே இல்லை.

அறுகோணப் பெரியவர்:

உங்கள் கேள்வியிலேயே விதி எழுதிவிட்டீர்கள். ஆங்கிலேயர் கட்டைகள் எல்லாம் படுத்திருக்கட்டும், முகம் மேலே. ஹைதரின் கட்டைகள் நிற்கட்டும். ஒருவர் எல்லாம் பார்க்கிறார், ஒருவருக்கு நிழல் மட்டும் தெரிகிறது. அந்த நாலு நாளின் கதையே அதுதானே.

வெற்றுக் கட்டைகள் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும். குறைந்தால் எண்ணிக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

6மிமீ_படை:

நான் மேசைமேல் குட்டிப் பொம்மை வைத்து ஆடுகிற ஆள். 6 மில்லிமீட்டர் ஈயச் சிப்பாய், ஒரு பட்டாலியனுக்கு 24 பேர், சட்டைக்குச் சிவப்பு, குறுக்குப் பட்டைக்கு வெள்ளை. எனக்கு 10-ஆம் தேதி காலைதான் முக்கியம். வெடிமருந்து வண்டி வெடிப்பதை எப்படிச் செய்திருக்கிறீர்கள்? போரை முடித்த அந்த நிமிடம் ஒரே ஒரு பகடை வீச்சில் போனால், நாலு நாள் யோசித்து ஆடியவன் எழுந்து போய்விடுவான். வராமலே போனாலோ அது புள்ளலூரே இல்லை.

பாலாற்றுக்காரன்:

நல்ல கேள்வி நண்பரே, இதில்தான் அதிக இரவுகள் போயின. பீரங்கிக்குண்டு பட்டதா, மைசூர் ராக்கெட் பட்டதா என்று எழுதியவர்கள் ஒரே மாதிரி எழுதவில்லை. அதனால் நான் "ராக்கெட் விதி" என்று தனியாக வைக்கவில்லை. நெருக்கம்தான் காரணம் என்று எடுத்துக்கொண்டேன். சதுரம் கட்டி ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார்களோ அவ்வளவு ஆபத்து.

சண்டைக்குத் தனி அட்டை இருக்கிறது. முதல் சண்டைச் சுற்றில் இரண்டு பகடையில் 12 விழுந்தால்தான் வெடிக்கும், 36-இல் ஒரு வாய்ப்பு. இரண்டாவதில் 11-ம் அதற்கு மேலும், மூன்றாவதில் 10, நாலாவதில் 9. நாலு சுற்றும் அசையாமல் நின்றால் வெடிக்கும் வாய்ப்பு மொத்தம் 46 சதவீதம் ஆகிறது. சதுரத்தைக் கலைத்து நகர்ந்தால் கணக்கு மறுபடி 12-இலிருந்து தொடங்கும், ஆனால் நகரும்போது குதிரைப்படை உள்ளே புகும். நிற்பதா நகர்வதா என்று பெய்லிப் பக்கம் ஆடுகிறவர் ஒவ்வொரு சுற்றும் முடிவெடுக்க வேண்டும். வெடிக்கும்போது பகடைமேல் கோபம் வராது, "போன சுற்றே நகர்ந்திருக்கணும்" என்றுதான் தோன்றும்.

6மிமீ_படை:

இது பிடித்திருக்கிறது. என் மேசைக்கு இதை எடுத்துக்கொள்கிறேன், உங்கள் அனுமதியோடு.

பாலாற்றுக்காரன்:

தாராளமாக.

*(ஐந்து வாரம் கழித்து)*

பாலாற்றுக்காரன்:

எல்லாருக்கும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

தச்சுப்பட்டறையில் வீணாகக் கிடந்த வேப்பந்துண்டுகளை ஒன்றரை சென்டிமீட்டர் கட்டைகளாக அறுத்துக் கொடுத்தார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஜெராக்ஸ் கடையில் ஸ்டிக்கர் தாளில் அச்செடுத்து ஒட்டினேன். ஹைதர் பக்கம் 18 கட்டை, அதில் 6 வெற்று. காஞ்சியில் அரிசி, பீரங்கி என்று இரண்டு வில்லை வைத்தேன். ஹைதரின் உண்மைக் கட்டை ஒன்று காஞ்சிக்குள் நுழைந்தால் மன்றோ அந்த இரண்டையும் இழப்பார், அடுத்த நாளிலிருந்து அவர் படை சுற்றுக்கு ஒரு படி மெலியும்.

8 ஆட்டம் முடிந்தது. மன்றோ முன்கூட்டிக் கிளம்பியது 2 முறைதான். ஒன்றில் ஹைதர் காஞ்சியைப் பிடித்து ஜெயித்தார். இன்னொன்றில் ஹைதர் பக்கம் ஆடியவர் கோட்டைவிட்டதால் இரண்டு படையும் சேர்ந்துவிட்டன, அது அவர்கள் சம்பாதித்த வெற்றி. மீதி 6 முறை மன்றோ காஞ்சியிலேயே நின்றார். எனக்கு மெய்சிலிர்த்தது இதற்கில்லை. அந்த 6-இல் 4 முறை, விதியில் எங்கேயும் சொல்லாமலேயே, மன்றோப் பக்கம் ஆடியவர் படையைப் பிரித்து ஒரு சிறு பிரிவை இரவில் பெய்லிக்கு அனுப்பினார். ஃப்ளெட்சரை யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். பெய்லி அழிந்தது 5 முறை.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். மூன்றாவது ஆட்டம், 8-ஆம் தேதி காலைச் சுற்று. மச்சான் மன்றோவின் கட்டையை இரண்டு விரலால் பிடித்துவிட்டார். மேற்கே ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் என் கட்டைகள் மூன்று நின்றன. விளக்கொளியில் அவற்றின் முதுகு மட்டும் அவருக்குத் தெரியும், வேப்பமர நிறத்தில், ஒரே மாதிரி. விரலை எடுக்கவில்லை, கட்டையையும் நகர்த்தவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் கையை மெதுவாக எடுத்து, "ஹைதர் எங்க இருக்கான்னு தெரியாம எப்படிடா போறது?" என்றார். அந்த மூன்றில் இரண்டு வெற்றுக் கட்டை.

அன்றிரவே 14-ஆம் விதியை அடித்துவிட்டேன்.

ஆனால் ஐயா, ஒரு புதுச் சிக்கல். ஆங்கிலேயர் கட்டை முகம் மேலே இருப்பதால் ஃப்ளெட்சர் கிளம்பியதும் ஹைதருக்குத் தெரிந்துவிடுகிறது. அனுப்பிய 4 முறையும் வழியிலேயே மாட்டிக்கொண்டார். உண்மையில் அவர் வழிகாட்டிகளை நம்பாமல் பாதையை மாற்றி, தப்பித்துப் போய்ச் சேர்ந்தார்.

அறுகோணப் பெரியவர்:

தம்பி, உங்கள் மச்சானின் கையை நான் இங்கிருந்தே பார்த்துவிட்டேன்.

ஃப்ளெட்சருக்குக் கிரீக்ஸ்ஷ்பீல் முறையே போதும். இரவுச் சுற்றில் மட்டும், பிரிந்து போகும் படைக்கு ஒரு துண்டுத்தாள். ஆங்கிலேயர் பக்கம் ஆடுகிறவர் எந்தெந்தக் கட்டம் வழியாகப் போகிறது என்று கட்ட எண்களை வரிசையாக எழுதிக் கவிழ்த்துவைக்கட்டும். படை கிளம்பியது ஹைதருக்குத் தெரியும், எந்த வழி என்று தெரியாது. ஹைதர் கட்டைகளை நகர்த்தி முடித்த பிறகு தாளைத் திருப்புங்கள். ஒரே கட்டத்தில் இருந்தால் மோதல். இல்லையென்றால் விடியும்போது ஃப்ளெட்சர் பெய்லியின் பக்கத்தில் நிற்பார்.

வரைபடக்காரி:

அப்படியானால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நாலு இலக்க எண் அச்சிட வேண்டும். கோப்பை அனுப்புங்கள், கட்டத்தின் மேல் விளிம்பில் சின்ன எழுத்தில் போட்டுத் தருகிறேன். ஏரி வரும் கட்டங்களில் நீலத்தின்மேல் கறுப்பு தெரியாது, அங்கே வெள்ளை எழுத்து போடுகிறேன்.

பாலாற்றுக்காரன்:

அனுப்பிவிட்டேன் சகோ. ஐயா, ஞாயிற்றுக்கிழமை மச்சானும் நண்பனும் வருகிறார்கள், தாள் விதியோடு ஆடிப் பார்க்கிறோம். ஒரே ஒரு சந்தேகம்: வழி எழுதிய தாளில் பிரிவு பாதி வழியில் நின்று கொள்ளவும் அனுமதிக்கலாமா? 9-ஆம் தேதி இரவு பெய்லி நின்றதுபோல?

அறுகோணப் பெரியவர்:

அனுமதியுங்கள். ஆனால் நின்ற கட்டத்தை ஹைதரிடம் உடனே காட்டிவிட வேண்டும்.